மாக்சிமில்லாவின் வக்கீல்

எங்கள் வீட்டில் மூன்று பேர் குடியிருக்கிறோம். நான், என் வீட்டுக்காரர் லாயிட், அப்புறம் மாக்சிமில்லா. அந்த மூன்றாமவள் செத்து ஆயிரத்து எண்ணூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஆனாலும் சாப்பிட உட்கார்ந்தால் அவள் பேச்சுதான். சாம்பாரில் நான் உப்புப் போட மறந்தது என் வீட்டுக்காரருக்குத் தெரியாது. அவளைப் பற்றி எந்த ஆயர் எந்த வரியில் என்ன புளுகினார் என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்.

அவள் யார் என்று கேட்பவர்களுக்கு நானே சொல்லிவிடுவது வழக்கம். அவரிடம் விட்டால் கேட்டவர் வீடு போய்ச் சேர முடியாது. இன்றைய துருக்கி நாட்டில் அந்தக் காலத்தில் பிரிகியா என்று ஒரு சீமை இருந்தது. கிறிஸ்து பிறந்து இருநூறு வருஷம் ஆவதற்குள் அங்கே ஒரு கூட்டம் கிளம்பியது. மொந்தானுஸ் என்று ஒருவர், அவரோடு இரண்டு பெண்கள். ஆவியானவர் தங்கள் வாயால் பேசுகிறார் என்று சபை நடுவில் எழுந்து நின்று தீர்க்கதரிசனம் சொன்னார்கள். அந்த இரண்டு பெண்களில் ஒருத்திதான் மாக்சிமில்லா. யுத்தம் வரும், கலகம் வரும், எனக்குப் பிறகு தீர்க்கதரிசி கிடையாது என்றாளாம். அவள் செத்துப் பல வருஷம் ஆகியும் யுத்தம் வரவில்லை, ஆகவே அவள் கள்ளத் தீர்க்கதரிசி என்று எதிர்க்கட்சியார் எழுதிவைத்தார்கள். அவள் பக்கத்தார் எழுதியது எதுவும் முழுசாக மிஞ்சவில்லை. நமக்குக் கிடைப்பதெல்லாம் அவளைப் பிடிக்காதவர்கள் எழுதியது. தூக்குப் போட்டுச் செத்தாள் என்று ஒரு மகானுபாவர் எழுதிவிட்டு, தாங்கள் யாரும் கண்ணால் பார்க்கவில்லை என்றும் கூடவே எழுதியிருக்கிறாராம். பார்க்காதவருக்கு எழுத என்ன அவசரமோ தெரியவில்லை.

லாயிட் ஒக்கலிபுரத்தில் பிறந்து வளர்ந்தவர். என் மாமனாருக்கு ரயில்வேயில் வேலை. அண்ணன்மார் இரண்டு பேரும் அப்பாவின் பின்னாலேயே ரயில்வேக்குப் போனார்கள். இவர் மட்டும் கம்ப்யூட்டர் படித்து எலெக்ட்ரானிக் சிட்டியில் டெஸ்டிங் வேலைக்குப் போனார். டெஸ்டிங் என்றால் அடுத்தவன் எழுதிய புரோகிராமில் தப்புக் கண்டுபிடிப்பது. என் வீட்டுக்காரருக்கு அது பிறவிக் குணம். பால்காரர் ஊற்றும் அளவில் தப்பு, நான் துணி மடிப்பதில் தப்பு, என் அம்மா மைசூர்க்காரி என்பதால் என் தமிழில் கன்னட வாடை வருவது தப்பு. அதற்கே ஒரு கம்பெனி சம்பளம் கொடுக்கிறது என்றால் அந்தக் கம்பெனியை என்னவென்று சொல்வது?

நாற்பது வயது ஆனபோது தபால் வழியாக இறையியல் டிப்ளமோ ஒன்று சேர்ந்தார். அந்தப் பாடத்தில் ஒரு மூலையில் மாக்சிமில்லாவின் பெயர் இருந்தது. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டார். கம்பெனி கேப் மேம்பாலத்தில் ஏறி இறங்குவதற்குள் போனைப் பார்த்துக் கிரேக்க எழுத்துப் படிப்பார். உதட்டை அசைத்து அசைத்துப் படிப்பதைப் பார்த்து டிரைவர், சார் ரொம்பப் பக்தி என்று மற்றவர்களிடம் சொன்னாராம். லீவு போட்டால் இறையியல் கல்லூரி லைப்ரரி. ஊட்டிக்குப் போகலாம் என்று நான் கேட்ட வருஷம், பிரிகியா எப்படி இருந்திருக்கும் என்று விளக்கினார்.

அவர் ஆராய்ச்சி முறை டெஸ்டிங் ஆபீஸ் முறைதான். "எதிராளி எழுதினதெல்லாம் புரோகிராம்ல தப்புன்னு வர்ற பக் ரிப்போர்ட் மாதிரி, மமதா. யாரு எழுதினான், என்ன கடுப்புல எழுதினான், அதைக் கழிச்சுட்டு மிச்சத்தைப் பார்க்கணும்" என்பார். அதுவரை சரி. அதில் நானும் குற்றம் சொல்லமாட்டேன். ஆனால் ஒரு கட்டத்தில் குரல் உயர ஆரம்பித்துவிடும்.

"இத்தனை பேர் அவளைத் திட்டி எழுதினானுங்களே, ஒருத்தனாவது அவகிட்ட போய் உக்காந்து, அம்மா நீ என்ன சொன்னே, எதுக்குச் சொன்னேன்னு கேட்டு எழுதி வெச்சானா? ஒரே ஒரு கேள்வி. அதுக்கு வாய் வரல பாரு."

"ரெண்டு பிஷப்புங்க போனாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"போனவங்க பேயை ஓட்டப் போனாங்க. கேக்கப் போகல."

சொல்லிவிட்டுத் தட்டைத் தள்ளிவைப்பார். கண்ணில் தண்ணீர் கூட வரும். என் அம்மா செத்தபோது வராத தண்ணீர்.

எங்கள் சபை ஒக்கலிபுரத்துக்கும் ஸ்ரீராம்புரத்துக்கும் நடுவில் இருக்கும் சின்னத் தமிழ்ச் சபை. அங்கே அவருக்கு மாக்சிமில்லாவின் வக்கீல் என்று பெயர். பெயர் வைத்தவர் க்ளென், சபைக் கமிட்டியின் செயலாளர். பேங்கில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர், இப்போது சபையைப் பேங்க் மாதிரி நடத்துகிறார். லாயிட் எழுதிய கட்டுரையை ஒரே ஒரு தடவை சபைப் பத்திரிகையில் போட்டார்கள். அதிலும் பாதியில் வெட்டி, அறுப்பின் பண்டிகைக்குப் பூசணிக்காய் கொண்டுவருகிறவர்கள் முன்னாடியே தெரிவிக்கவும் என்று அறிவிப்புப் போட்டார்கள். வெட்டுப்பட்ட பாதியைப் படிக்காமலே நாலு பேர் நன்றாக இருந்தது என்றார்கள்.

அந்தச் சபைக்கு வருகிறவள்தான் சங்கமித்ரா. ஸ்ரீராம்புரத்தில் ஒரு சந்தில் ஒற்றை அறை வீடு, ஒரு தையல் மிஷின். பிறந்தது தங்கவயலில். அங்கே தலைமுறையாகப் புத்தரைக் கும்பிடும் தமிழ்க் குடும்பங்கள் உண்டு, அப்பா வைத்த பெயர் அது. கல்யாணமாகி ஞானஸ்நானம் எடுத்தபோது வேறு பெயர் வைக்கலாம் என்று அப்போதிருந்த பாஸ்டர் சொன்னதற்கு, "பேரு எங்க அப்பா குடுத்தது, அதுல உங்களுக்கு என்ன பேஜாரு?" என்று கேட்டாளாம். புருஷன் பாக்கியநாதன் இறந்து நெடுநாள் ஆகிறது. மகள் லாவண்யா ஒரு லேபில் ரத்தப் பரிசோதனை செய்கிறாள். சபையில் பாதிப் பெண்களின் ப்ளவுஸ் சங்கமித்ராவின் கையில் தைத்தது, என்னுடையதும் சேர்த்துத்தான்.

சபைக்குப் பின்னால் ஒரு வாசல் இருந்தது. சந்து வீட்டுக்காரர்கள் அதன் வழியாகத்தான் வருவார்கள். போன வருஷம் க்ளென் அதை அடைத்து மதில் எழுப்பினார். அங்கே கமிட்டிக்காரர்களின் கார் நிறுத்த இடம் வேண்டுமாம். சந்தில் இருக்கும் கிழடுகட்டைகள் மெயின் ரோட்டைச் சுற்றி வரவேண்டியதாயிற்று. நாலைந்து பேர் வருவதையே விட்டுவிட்டார்கள். கமிட்டியில் யாரும் அதைப் பற்றி மூச்சு விடவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் எல்லாரும் கண்ணை மூடியிருந்தபோது சங்கமித்ரா எழுந்தாள். குரல் அவள் குரல்தான். அழவில்லை, ஆடவில்லை. "பின்வாசலை அடைச்ச நீங்க என்னைத்தான் வெளியில நிறுத்தினீங்கன்னு ஆண்டவர் சொல்றாரு. அந்த மதிலு நிக்காது" என்றாள். சொல்லிவிட்டு உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அடுத்த வெள்ளியும் எழுந்து அதையேதான் சொன்னாள்.

க்ளென் கொதித்துப்போனார். "ஆவியானவருக்கும் பார்க்கிங்குக்கும் என்னங்க சம்பந்தம்? இது தீர்க்கதரிசனம் இல்ல, சுத்த லோக்கல் பாலிடிக்ஸ்" என்று வாசலில் நின்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அந்த நேரம் பார்த்து லாவண்யாவின் கல்யாண ஓலை ஓடிக்கொண்டிருந்தது.

எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் விவாகம் நிச்சயமாகியிருக்கிறது, தடை இருந்தால் சொல்லுங்கள் என்று பாஸ்டர் எல்லார் முன்னாலும் கேட்பார். மூன்று தடவையும் யாரும் வாய் திறக்கவில்லை என்றால்தான் தாலி. லாவண்யாவுக்கும் ஹெப்பால் பக்கத்துப் பையன் அஷ்வினுக்கும் இரண்டு ஓலை வாசித்தாகிவிட்டது. மூன்றாவது பாக்கி, அது வாசித்த மறுநாளே கல்யாணம். அப்போது க்ளென் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். கள்ளத் தீர்க்கதரிசனம் என்ற சந்தேகத்தில் இருக்கிற குடும்பத்துக்குச் சபை எப்படி ஓலை வாசிக்கும், முதலில் விசாரணை நடக்கட்டும் என்றார். பாஸ்டர் நல்ல மனுஷர்தான். ஆனால் அவரை எங்கே மாற்றுவது என்று எழுதுகிற கமிட்டி அது. சரி என்று தலையாட்டினார்.

விசாரிக்க யாரைப் போட்டார்கள் தெரியுமா? என் வீட்டுக்காரரை. "நம்ம சபையில தீர்க்கதரிசியைப் பத்தி ஆராய்ச்சி பண்ணவர் நீங்க ஒருத்தர்தான். அந்தக் காலத்துல எப்படித் தீர்மானிச்சாங்கன்னு ஒப்பிட்டு ஒரு ரிப்போர்ட் குடுங்க. சனிக்கிழமை கமிட்டி" என்று க்ளென் தோளில் கை போட்டுச் சொன்னார். இத்தனை வருஷமாகக் கேலி செய்த வாய் அது. இவருக்கு அது ஞாபகமே இல்லை. வீட்டுக்கு வந்து, "மமதா, முதல் தடவையா சபை என்னைக் கேட்டிருக்கு" என்றார். முகம் அப்படி மலர்ந்து நான் என் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை.

உண்மையைச் சொன்னால் எனக்கும் சந்தோஷம். யாரும் காது கொடுக்காத ஒரு பெண்ணுக்காக இத்தனை காலம் தொண்டை கிழியப் பேசினவர், கண்ணெதிரே இருக்கும் பெண்ணைக் கைவிடுவாரா என்று நினைத்தேன். ஆராய்ச்சி ஒரு தடவையாவது சோறு போடும் என்று பைத்தியக்காரி மாதிரி நம்பினேன்.

லாவண்யா கல்யாணத்துக்குப் போட ப்ளவுஸ் தைக்கக் கொடுக்க அந்த வாரம் சங்கமித்ரா வீட்டுக்குப் போனேன். மூலையில் ஒரு நல்ல நாற்காலி கிடந்தது. "இது யாருதுடி?" என்றேன்.

"கோடி வீட்டுதுக்கா. நம்ம நாற்காலி கால் ஆடும். சார் வந்தா உக்கார வேணாமா? தெனம் சாயங்காலம் மிஷினை ஓரம் தள்ளி எடுத்துப் போட்டு வெக்கிறேன்."

"சார் வர்றேன்னு சொன்னாரா?"

"சொல்லல. ஆனா என்னைப் பத்தித்தானே எழுதுறாரு, என்கிட்ட கேக்காமலா போவாரு? அந்தத் துருக்கிக்காரிகிட்ட யாரும் கேக்கலன்னு எவ்ளோ வருத்தப்படுவாரு. பைபிள் ஸ்டடில ஒரு நாள் அழுதே விட்டாரே. அவரைப் போட்டாங்கன்னு கேட்டதும் எனக்கு உயிரே வந்துச்சுக்கா."

அவளுக்குத் தன்னைப் பற்றிக் கவலை இல்லை. மகளைப் பற்றித்தான். அஷ்வினின் அம்மா ரூபாவதி போன் செய்து, ஓலை நிற்கப்போவதாகக் காதில் விழுந்ததே என்று கேட்டிருக்கிறாள். "ஓலை நின்ன பொண்ணுன்னு ஒரு தடவை பேர் வந்துட்டா அவ்ளோதான்கா. என்ன குத்தம்னு எவனும் கேக்கமாட்டான். பொண்ணு மேல ஏதோ இருக்குன்னுதான் பேசுவான்" என்றாள். லாவண்யா சுவரைப் பார்த்து உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக இவரிடம் சொன்னேன். "சங்கமித்ரா காத்துக்கிட்டு இருக்கா. இன்னைக்கே ஒரு எட்டுப் போய்க் கேட்டுட்டு வாங்க."

அவர் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அவகிட்ட கேக்கக் கூடாது, மமதா."

"என்னது?"

"டெவலப்பர்கிட்ட போய் நீ எழுதின புரோகிராம் சரியான்னு கேட்டா சரின்னுதான் சொல்வான். டெஸ்டர் அவன்கிட்ட கேக்கவே மாட்டான். தனியா வெரிஃபை பண்ணணும். இல்லன்னா ரிசல்ட் கெட்டுப்போகும்."

"அவ புரோகிராம் இல்லீங்க. மனுஷி."

"கொள்கை ஒண்ணுதான்."

"அப்ப அந்த பிஷப்புங்களும் இதே கொள்கைதானே வெச்சிருந்தாங்க? அவங்களும் அவகிட்ட கேக்கலையே."

"அது வேற. அவங்க ஒரு பக்கம் சாஞ்சவங்க. நான் நடுநிலை" என்றார். இப்படி ஒரு முட்டாள்தனம் படிக்காதவனுக்கு வராது, இதற்கென்று வருஷக்கணக்கில் உட்கார்ந்து படிக்கவேண்டும்.

அவர் யார் யாரிடம் கேட்டார் என்று சொல்கிறேன். க்ளெனிடம் கேட்டார். இரண்டு டீ குடித்துவிட்டு வந்தார். பாடகர் குழு மாஸ்டரிடம் கேட்டார். அந்த மனுஷர் இரண்டு வெள்ளியும் ஜெபத்துக்கே வரவில்லை, ஆனாலும் அவள் கத்தினாள் என்று சாட்சி சொன்னார். பாஸ்டரம்மாவிடம் கேட்டார். அந்த அம்மா, அளவு ப்ளவுஸ் கொடுத்தும் சங்கமித்ரா கையை இறுக்கமாகத் தைத்துவிட்டாள், சொல்பேச்சுக் கேட்கிற சுபாவம் இல்லை என்றார்கள். அதையும் இவர் டைப் அடித்தார். என் கண்ணால் பார்த்தேன். குணநலன் என்ற தலைப்பின் கீழ் அந்த ப்ளவுஸ் கை இருந்தது.

"நானும் ரெண்டு வெள்ளியும் இருந்தேன். அவ கத்தல. என்னைக் கேளுங்க" என்றேன்.

"நீ என் ஒய்ஃப். உன் சாட்சி செல்லாது" என்றார்.

சனிக்கிழமை மத்தியானம் சபை ஹாலில் கமிட்டி கூடியது. பெண்கள் சங்கத்தின் சார்பில் டீ கொடுக்கும் வேலை எனக்கு. இல்லாவிட்டால் உள்ளே விட்டிருக்கமாட்டார்கள். சங்கமித்ராவும் லாவண்யாவும் வெளியே வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். கூப்பிடுவார்கள் என்று நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தாள் சங்கமித்ரா. என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

லாயிட் எழுந்து ரிப்போர்ட்டை வாசித்தார். பிரிகியாவில் ஆரம்பித்தார். மாக்சிமில்லாவுக்கு ஆயர்கள் செய்த அநியாயத்தைச் சொல்லும்போது குரல் தழுதழுத்தது. கமிட்டியில் இரண்டு பேர் தூங்கிவிட்டார்கள். பிறகு சங்கமித்ராவுக்கு வந்தார். முதல் சாட்சி இப்படிச் சொன்னார், இரண்டாம் சாட்சி இப்படிச் சொன்னார் என்று போனது. மதில் இந்தத் தேதி வரை விழவில்லை என்று நேரில் பார்த்து உறுதி செய்யப்பட்டது என்றார். அதற்கு மட்டும் நேரில் போயிருக்கிறார் மனுஷர். கடைசியில், இது தீர்க்கதரிசனம் என்றோ இல்லையென்றோ சொல்லப் போதிய ஆதாரம் இல்லை, மேலும் ஆராய்ச்சி தேவை என்று முடித்து உட்கார்ந்து தண்ணீர் குடித்தார்.

க்ளென் கையைத் தட்டினார். "அருமையான ரிப்போர்ட். ஆக, இது தீர்க்கதரிசனம்னு சொல்ல ஆதாரம் இல்ல. விசாரணை தொடரட்டும். அதுவரைக்கும் ஓலை வேண்டாம்."

"நான் அப்படிச் சொல்லலையே" என்றார் லாயிட். "இல்லன்னும் ஆதாரம் இல்லன்னுதானே எழுதியிருக்கேன்."

"அதான் சார் நாங்களும் சொல்றோம். மேலும் ஆராய்ச்சி தேவை. நீங்களே எழுதியிருக்கீங்க."

எழுதியவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்பார்கள். எங்கள் வீட்டில் இரண்டையும் ஒரே ஆளாகச் செய்து முடித்துவிட்டார். நான் டீ டிரேயை மேஜைமேல் வைத்தேன். "அவ வெளியிலதான் உக்காந்திருக்கா. கதவைத் திறந்தா முகம் தெரியும். கூப்பிட்டு ஒரு வார்த்தை கேளுங்களேன்" என்றேன்.

"மேடம், இது கமிட்டி" என்றார் க்ளென். பாஸ்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் பக்கங்களை ஓரம் சேர்த்துத் தட்டிக்கொண்டே, "மமதா, புரொசீஜர்னு ஒண்ணு இருக்கு" என்றார். ஆடு நனைகிறது என்று ஓநாய் அழுததாம். இத்தனை வருஷமாக என் வீட்டில் அழுதது எந்த ஜாதி என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. டிரேயை அங்கேயே விட்டுவிட்டு வெளியே போனேன்.

ஓலை கிடையாது என்பதையும், இவர் யார் யாரைக் கேட்டார் என்பதையும் சங்கமித்ராவிடம் நான்தான் சொல்லவேண்டியிருந்தது. "சார் என்ன எழுதியிருந்தாரு?" என்றாள்.

"மதில் விழலன்னு எழுதியிருந்தாரு."

"அது எனக்கும் தெரியுமேக்கா" என்றாள். லாவண்யாதான் அழுதாள்.

சாயங்காலமே ரூபாவதி போன் செய்துவிட்டாள். நாளைக்கு நாங்களே கோயிலுக்கு வந்து உட்காருகிறோம், ஓலை வாசித்தால் கல்யாணம், வாசிக்காவிட்டால் நீங்கள் எங்களைத் தப்பாக நினைக்கக் கூடாது என்று சொன்னாளாம். அவளைக் குற்றம் சொல்லிப் பிரயோஜனமில்லை. அவளுக்கும் இன்னும் இரண்டு பெண்கள் இருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அஷ்வினும் ரூபாவதியும் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். எனக்குப் பக்கத்தில் லாயிட், புதுச் சட்டையில். ஆராதனை நடந்து அறிவிப்பு நேரம் வந்தது. சங்க மாதாந்தரக் கூட்டம், கல்லறை சுத்தம் செய்வது, பாஸ்டர் எல்லாம் வாசித்தார். ஓலை வாசிக்கிற இடம் வந்ததும் ஒரு பக்கத்தைத் திருப்பிவிட்டு, அடுத்த பாட்டின் நம்பரைச் சொல்ல வாயைத் திறந்தார்.

சங்கமித்ரா எழுந்தாள். வெள்ளிக்கிழமை மாதிரிக் கண்ணை மூடவில்லை. நன்றாகத் திறந்துகொண்டே பேசினாள்.

"மூணாவது ஓலை. ஜெயசீலன் ரூபாவதி மகன் அஷ்வினுக்கும், காலஞ்சென்ற பாக்கியநாதன் சங்கமித்ரா மகள் லாவண்யாவுக்கும் கல்யாணம் நிச்சயம் ஆயிருக்கு. இதுக்கு ஏதாவது தடை இருக்குன்னு யாருக்காவது தெரிஞ்சா இப்ப சொல்லலாம்." கொஞ்சம் நிறுத்தினாள். "என் எதிர்ல சொல்லுங்க."

அவள் உட்காரவில்லை. வரிசை வரிசையாக ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். பாடகர் குழு மாஸ்டர் பாட்டுப் புத்தகத்தில் எதையோ தேடினார். பாஸ்டரம்மா ப்ளவுஸ் கையை இழுத்துவிட்டுக்கொண்டார். க்ளென் அறிவிப்பு நோட்டீசை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். பார்வை எங்கள் வரிசைக்கு வந்தது. என் வீட்டுக்காரர் சட்டைப் பையில் பேனாவைத் தேடிக்கொண்டிருந்தார். அவரைத் தாண்டி அவள் பார்வை போய்விட்டது, ஒரு நொடிகூட நிற்கவில்லை.

கடைசி வரிசையில் அஷ்வின் எழுந்தான். ரூபாவதி சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவன் உட்காரவில்லை. "எனக்குத் தடை எதுவும் இல்ல" என்றான். காது சிவந்துபோயிருந்தது பையனுக்கு. ரூபாவதி அக்கம்பக்கம் பார்த்தாள், பெருமூச்சு விட்டாள், அவளும் எழுந்து, "எங்களுக்கும் இல்ல" என்றாள். சுற்றுவழியாக நடந்து வந்திருந்த சந்துக் கிழவர் ஒருவர் "ஆமென்" என்று ஆரம்பித்தார். அப்புறம் எல்லாரும் சொன்னார்கள். நான் கொஞ்சம் பலமாகவே சொன்னேன், பக்கத்துச் செவிக்குக் கேட்கட்டும் என்று.

பாஸ்டர் இருமினார். பாம்பும் சாகக் கூடாது, கம்பும் உடையக் கூடாது அவருக்கு. "சபையார் யாரும் தடை சொல்லாதபடியால்" என்று ஆரம்பித்து ஒரு மாதிரி முடித்துவைத்தார். மறுநாள் நடக்கவிருந்த கல்யாணத்துக்கு அப்போதே கையெழுத்தும் போட்டுவிட்டார். ஊர் கூடிச் சரி என்றதைக் க்ளென் என்ன சொல்லித் தடுப்பார்? அந்த மதில் என்ன ஆயிற்று என்று என்னைக் கேட்காதீர்கள். விழவில்லை, கார்களும் அங்கேயேதான் நிற்கின்றன.

அன்று மத்தியானம் என் வீட்டுக்காரர் சாப்பிடக்கூட உட்காரவில்லை. அறைக்குள் நடந்துகொண்டே இருந்தார். "எவ்ளோ பெரிய விஷயம் நடந்திருக்கு தெரியுமா, மமதா? அதிகாரத்துல இருக்கிறவன் வாசிக்க மறுத்ததை அவளே எழுந்து சொல்லிட்டா. பிரிகியாவுல இப்படித்தான் நடந்திருக்கும். இதை அப்படியே பதிவு பண்ணணும். 'என் எதிர்ல'ன்னு சொன்னாளா, 'என் முன்னாடி'ன்னு சொன்னாளா? உனக்கு ஞாபகம் இருக்கா?"

"என் சாட்சி செல்லாது" என்றேன். "அவ உயிரோடதான் இருக்கா. இங்கிருந்து நாலு தெரு. போய்க் கேளுங்க."

ஆச்சரியம் பாருங்கள், போனை எடுத்துக்கொண்டு செருப்பை மாட்டினார். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக உயிரோடிருக்கும் ஒருத்தியைத் தேடிக் கிளம்புகிறார். விடுவேனா, நானும் கூடப் போனேன்.

சங்கமித்ரா வீட்டில் கால் வைக்க இடமில்லை. தங்கவயலிலிருந்து உறவுக்காரர்கள் வந்து இறங்கியிருந்தார்கள். லாவண்யாவின் கையில் யாரோ மருதாணி வைத்துக்கொண்டிருந்தார்கள். சங்கமித்ரா மிஷினில் உட்கார்ந்து கல்யாண ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைக்கும் பட்டி தைத்துக்கொண்டிருந்தாள். "வாங்க சார், வாங்கக்கா" என்றாள். கால் மிதிப்பதை நிறுத்தவில்லை.

லாயிட் வாசலிலேயே நின்று தொண்டையைக் கனைத்தார். போனில் ரெக்கார்டரைப் போட்டு நீட்டினார். "சங்கமித்ரா, வெள்ளிக்கிழமை நீங்க சொன்னது, இன்னைக்குக் காலையில சொன்னது, எதுக்காகச் சொன்னீங்கங்கிறது, எல்லாம் உங்க வாயாலேயே கேட்டு எழுதிக்கலாம்னு வந்தேன்."

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். ஜாக்கெட்டைத் திருப்பிப் போட்டு அடுத்த பட்டியை எடுத்தாள். அவள் குரலில் கோபம்கூட இல்லை.

"எனக்கு இப்பத் தலைக்கு மேல வேலை கிடக்கு சார். க்ளென் சாரைக் கேளுங்க, அவரு நல்லாச் சொல்வாரு."